பசியின் சமையற்கட்டுக்குள் ஓர் எட்டு!

கல்யாணத்துக்குப் போனால் மேடையில் நடப்பதைவிட மண்டபத்தின் பின்பக்கம் நடப்பதில்தான் எனக்கு ஆசை. எல்லோரும் அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு கெட்டிமேளத்துக்குக் காத்திருக்கும்போது, நான் மெல்ல நழுவிச் சமையற்கட்டு வாசலில் போய் நின்றுவிடுவேன். அண்டாவை இழுக்கிற சத்தம், அப்பளம் பொரிகிற வாசனை, "யாரும்மா அது வழியில நிக்கிறது?" என்ற அதட்டல். மூன்றுமே சொர்க்கம்! அந்தக் கெட்ட பழக்கம்தான் போன மாதம் முழுக்க என்னை இன்னொரு சமையற்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனது. பசி தயாராகிற இடம். சத்தியமாகச் சொல்கிறேன், அங்கே நடக்கிற கூத்து எந்த மண்டபத்திலும் நடக்காது.

ஏன் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் முன்னால் அக்கா மகள் கல்யாணத்துக்காக ஐந்து மாதத்தில் 7 கிலோ குறைத்தேன். ராத்திரி இரண்டே சப்பாத்தி, விடிகாலை நடை, காபியில் சர்க்கரை கிடையாது. ஜாக்கெட்டை எல்லாம் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. "என்னடி இப்படி இளைச்சுட்டே!" என்று சொந்தக்காரர்கள் வாயைப் பிளந்தபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கல்யாணம் முடிந்து நாலாவது மாதம், ஒரு ராத்திரி 11 மணிக்கு, ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த வெளிச்சத்திலேயே ஜில்லென்ற தயிர்சாதத்தைப் பாத்திரத்தோடு அள்ளித் தின்றுகொண்டிருந்தேன். எட்டு மணிக்குத்தான் சாப்பிட்டிருந்தேன்! சத்தம் கேட்டு எழுந்து வந்த வீட்டுக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. ஊறுகாய் பாட்டிலை எடுத்து நீட்டினார். அடுத்த வருடத்துக்குள் 7 கிலோவும் வட்டியோடு வந்து சேர்ந்தது.

"உனக்கு மனசுல திடம் போதாது" என்று தீர்ப்புச் சொன்னார் ஒரு உறவினர். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன், பின்கட்டை எட்டிப் பார்க்கும் வரை.

முதல் காட்சிக்கே விசில் அடிக்கலாம். 1912, அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம். வால்டர் கேனன் என்ற உடலியல் பேராசிரியருக்காக வாஷ்பர்ன் என்ற மாணவர் ஒரு பலூனை விழுங்குகிறார். ஆமாம், பலூன்! அதோடு சேர்ந்த குழாய் வாய் வழியாக வெளியே தொங்குகிறது. உள்ளே போனதும் பலூனை ஊதிவிட்டு, இரைப்பை அதை அமுக்குவதையெல்லாம் சுழல்கிற உருளையில் கோடாகப் பதிய விடுகிறார்கள். பசி கிள்ளும்போதெல்லாம் வாஷ்பர்ன் ஒரு விசையை அழுத்த வேண்டும். அவர் அழுத்திய இடங்களும் இரைப்பை இறுகிய இடங்களும் அழகாகப் பொருந்தி வந்தன. பசி என்றால் வயிறு பிசைவது, அவ்வளவுதான் என்றார் கேனன். பாட்டிகள் பலூன் விழுங்காமலே சொன்னதுதான்.

ஆனால் நோய் வந்து இரைப்பையையே முழுக்க எடுத்துவிட்டவர்களுக்கும் பசித்தது. கிள்ளுவதற்கு வயிறே இல்லை. அப்புறம் கிள்ளுவது யார்?

ஆள் சிக்கியது 1999ல், ஜப்பானில். அதிலும் ஒரு வேடிக்கை. மூளையில் ஒரு பூட்டு இருப்பதை அதற்கு மூன்று வருடம் முன்பே கண்டுபிடித்திருந்தார்கள். வளர்ச்சி ஹார்மோனை வெளியே விடுகிற பூட்டு; ஆய்வகத்தில் செய்த கள்ளச்சாவி போட்டாலும் திறந்தது. அப்படியானால் உடம்பே செய்கிற அசல் சாவி எங்கேயோ இருக்க வேண்டுமே? பூட்டு தலையில் இருக்கிறது, சாவியும் அங்கேதான் இருக்கும் என்று மூளையைக் குடைந்தார்கள். மசயாசு கோஜிமாவும் கென்ஜி கங்காவாவும் எலியின் ஒவ்வோர் உறுப்பாகத் தேடி, கடைசியில் சாவியை எடுத்த இடம் இரைப்பை! கிரெலின் என்று பெயர் வைத்தார்கள். 28 அமினோ அமிலங்கள் கோத்த குட்டிச் சரம். அதன் மூன்றாவது மணியில் எட்டு கார்பன் கொண்ட ஒரு கொழுப்பமிலம் வந்து ஒட்டினால்தான் பூட்டு திறக்கும். அதே கொழுப்பமிலம் நம் தேங்காய் எண்ணெயிலும் இருக்கிறது என்று படித்தபோது தனியாக உட்கார்ந்து சிரித்தேன். (உடனே தேங்காய் எண்ணெய் மேல் பழி போடாதீர்கள். அது ஒரு பாவமும் அறியாது.)

இந்தக் கிரெலின்தான் பந்தியில் "இலை போடு, இலை போடு" என்று கத்துகிற ஆள். சாப்பாட்டுக்கு முன்னால் ரத்தத்தில் ஏறும், சாப்பிட்டதும் இறங்கும். வழக்கமாகச் சாப்பிடுகிற நேரம் அதற்குத் தெரியும். ஒரு மணிக்குச் சாப்பிட்டுப் பழகியவருக்கு ஒரு மணி நெருங்கும்போதே ஏறத் தொடங்கும். சாப்பிடாமலே விட்டுவிட்டால்? கத்திப் பார்த்துவிட்டுத் தானாக இறங்கிவிடும்! நாள் முழுக்கப் பட்டினி இருந்தவர்களின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தபோதும் சாப்பாட்டு வேளைகளில் ஏறி, பிறகு இறங்கியிருந்தது. ஏகாதசி தவறாமல் விரதம் இருக்கிற என் அத்தை, "மத்தியானம் ரெண்டு மணியைத் தாண்டிட்டா அப்புறம் பசி தெரியாதுடி" என்பார். ஹார்மோன் பேரெல்லாம் தெரியாது, ஆள் மட்டும் பழக்கம்.

இலையின் மேல் கையை மறித்து "போதும், போதும்" என்கிற கோஷ்டி குடலில் இருக்கிறது. சி.சி.கே., பி.ஒய்.ஒய்., ஜி.எல்.பி.1 என்று மூன்று பேரை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். சாப்பாடு குடலுக்கு இறங்க இறங்க ஒவ்வொருவராகக் கையைத் தூக்குவார்கள். மூன்றாவது ஆளை மறந்துவிடாதீர்கள், கடைசியில் ஒரு பல்லியோடு திரும்பி வருவார்.

இத்தனை பேர் கத்துவதையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது மூளையின் அடியில், பாதாம் பருப்பு அளவுள்ள ஹைப்போதலாமஸ். அதற்குள் ஒரு மூலையில் இரண்டு கட்சி. ஒன்று "சாப்பிடு" கட்சி, இன்னொன்று "வேண்டாம்" கட்சி. எலியின் மூளையில் "சாப்பிடு" செல்களை மட்டும் ஒளியால் தூண்டினால், வயிறு நிறைந்த எலிகூடச் சில நிமிடங்களில் பல நாள் பட்டினி கிடந்ததுபோல் தின்னத் தொடங்குகிறது. இது 2011ல் செய்து பார்த்தது. ஆனால் 2015ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் பார்த்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பசித்த எலியின் முன்னால் தீனியை வைத்தார்கள். அது ஒரு கடிகூடக் கடிக்கவில்லை, பார்த்தது, மோந்தது, அவ்வளவுதான். அந்த நொடியே "சாப்பிடு" செல்கள் அடங்கிவிட்டன! பத்து பேருக்குச் சமைத்து இறக்கிவிட்டு, "வாசனையிலேயே வயிறு நெறஞ்சு போச்சு, நீங்க சாப்பிடுங்க" என்று சொல்கிற அம்மாவை நான் நாற்பது வருடமாக நம்பியதே இல்லை. எலிக்குச் சொன்னது அம்மாவுக்குப் பொருந்துமா என்பது வேறு விஷயம். அன்றைக்கே ஃபோன் போட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

சரி, ஃப்ரிட்ஜ் விஷயத்துக்கு வருவோம். எட்டு மணிக்குச் சாப்பிட்டவளை 11 மணிக்கு எழுப்பியது யார்? அந்த ஆளைப் பார்க்க, அமெரிக்காவின் வடகிழக்கு ஓரத்தில் மெய்ன் மாநிலத்துக்குப் போக வேண்டும். பார் ஹார்பர் என்ற கடலோர ஊரில் ஜாக்சன் ஆய்வகம் இருக்கிறது. 1949ல் அங்கே உருண்டையாக ஒரு எலி கண்ணில் பட்டது. இந்த வகை எலி சாதாரண எலியைப்போல் மூன்று மடங்கு எடை போடும். தின்கிறது, தின்கிறது, நிறுத்தத் தெரியாமல் தின்கிறது. மீனாட்சி கல்யாணத்துக்குச் சமைத்து வைத்ததையெல்லாம் ஒற்றை ஆளாகக் காலி செய்துவிட்டு இன்னும் பசிக்கிறது என்று நின்றானே குண்டோதரன், அவனேதான், வாலோடு! பின்னர் அதே ஆய்வகத்தில் இன்னொரு குண்டோதரனும் பிறந்தான். அவனுக்குச் சர்க்கரை நோயும் சேர்ந்து இருந்தது.

டக்ளஸ் கோல்மன் என்ற விஞ்ஞானி இரண்டு எலிகளைப் பக்கவாட்டில் சேர்த்துத் தைத்து, ஒன்றின் ரத்தம் மற்றதில் ஓடும்படி செய்தார். படிக்கவே மனசு கூசுகிற சோதனை. ஆனால் வந்த விடை இருக்கிறதே! முதல் குண்டோதரனைச் சாதாரண எலியோடு இணைத்தால் அவன் தீனியைக் குறைத்து இளைத்தான். இரண்டாம் குண்டோதரனோடு சாதாரண எலியை இணைத்தால், அந்தச் சாதாரண எலி தின்பதையே விட்டுப் பட்டினியில் செத்தது. இரண்டு குண்டோதரர்களையும் சேர்த்துத் தைத்தபோது முதலாமவன்தான் பட்டினி கிடந்தான், இரண்டாமவன் கொழுகொழுவென்றே இருந்தான். கோல்மன் கணக்குப் போட்டார். ரத்தத்தில் "போதும்" என்று சொல்கிற ஏதோ ஒன்று ஓடுகிறது. முதலாமவனுக்கு அது சுரக்கவே இல்லை. இரண்டாமவனுக்கு ஏராளமாகச் சுரக்கிறது, கேட்கத்தான் காது இல்லை!

அந்த "ஏதோ ஒன்று" எது என்று பிடிக்க, நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனுக்கு எட்டு வருடம் ஆனது. 1994 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை, தூக்கம் வராமல் ஆய்வகத்துக்குப் போய், இருட்டறையில் ஃபிலிமைக் கழுவிப் பார்த்தார். இருந்தது. அந்த "ஏதோ ஒன்றை"ச் சுரக்க வைக்கிற மரபணு எலியின் கொழுப்பில் வேலை செய்துகொண்டிருந்தது. எல்லோரும் வெறும் மூட்டை என்று நினைத்துக்கொண்டிருந்த தொப்பைக் கொழுப்பு, மூளைக்குத் தினமும் கடிதம் போட்டுக்கொண்டிருந்தது! மெலிவு என்ற பொருள் தருகிற கிரேக்கச் சொல்லிலிருந்து லெப்டின் என்று பெயர் வைத்தார்கள். ஊசி போட்டதும் குண்டோதர எலி இளைத்தது. உரிமையை வாங்க ஒரு மருந்து கம்பெனி 2 கோடி டாலர் கொடுத்தது. குண்டு என்ற பேச்சுக்கே இனி இடமில்லை என்று பத்திரிகைகள் துள்ளின.

படம் மனிதர்களிடம் ரிலீஸானதும் பெட்டி திரும்பிவிட்டது. எடை கூடியவர்கள் பெரும்பாலோருக்கு லெப்டின் குறைவாக இல்லை, ஏற்கெனவே நிறைய இருந்தது. விதிவிலக்காக மிகச் சிலர். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஸ்டீபன் ஓ'ராஹிலி, சதாஃப் ஃபரூக்கி குழுவினர் பார்த்த குழந்தைகளுக்குப் பிறவியிலேயே லெப்டின் சுரக்கவில்லை. அதில் ஒரு பையன் 3 வயதில் 42 கிலோ. லெப்டின் ஊசி போட்டுக்கொண்ட பிறகு 7 வயதில் 32 கிலோ! "பிள்ளைக்கு இப்படித் தீனி போடலாமா" என்று அந்தத் தாயை எத்தனை பேர் ஏசியிருப்பார்களோ.

அப்படியானால் மற்றவர்களுக்கு லெப்டின் எதற்கு? இங்கேதான் நான் நாற்காலி நுனிக்கு வந்தேன். நெல் கொட்டி வைக்கிற குதிர் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். லெப்டின் அந்தக் குதிருக்குக் கணக்கப்பிள்ளை. குதிர் நிரம்பி வழிகிறது என்று தினமும் வந்து சொன்னால் எஜமானி பாதிக் காதில்தான் வாங்குவாள். ஆனால் "அம்மா, நெல் குறையுது" என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், வீடே அல்லோலகல்லோலப்படும். விளக்கை அணை, செலவைக் குறை, எங்கே கிடைத்தாலும் தானியம் கொண்டு வா! பஞ்சம் அடிக்கடி வந்துபோன உலகத்தில் உயிர் பிழைத்த உடம்பு இது. அக்கா மகள் கல்யாணம் அதற்குத் தெரியாது. என் 7 கிலோ அதற்குப் பஞ்சம்.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் இதை அளந்தே பார்த்தார்கள். 50 பேர். 10 வாரம் மிகக் குறைந்த கலோரியில் வைத்து, சராசரியாகப் பதின்மூன்றரை கிலோ குறைக்க வைத்தார்கள். காலை உணவுக்கு முன்னும் பின்னும் பல தடவை ரத்தம் எடுத்தார்கள். "இப்போ எவ்வளவு பசி?" என்று ஒரு கோட்டின் மேல் குறிக்கச் சொன்னார்கள். லெப்டின் மூன்றில் ஒரு பங்காகச் சரிந்திருந்தது. "இலை போடு" கிரெலின் ஏறியிருந்தது. "போதும்" கோஷ்டியில் சி.சி.கே.யும் பி.ஒய்.ஒய்.யும் இறங்கியிருந்தன. சரி, எடை குறைத்த சூட்டோடு அப்படித்தான் இருக்கும் என்கிறீர்களா? ஒரு வருடம் கழித்துத் திரும்ப வரச் சொன்னார்கள். அதற்குள் ஐந்தாறு கிலோ ஏறிவிட்டிருந்தது. அப்போதும் ஹார்மோன்கள் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை, பசியும் அடங்கவில்லை! 2011ல் வெளிவந்த இந்த ஆய்வைப் படித்துவிட்டுச் சமையலறைக்குப் போய் ஃப்ரிட்ஜைப் பார்த்து, "உன் மேல தப்பில்லை" என்று சொன்னேன். என் மேலும் இல்லை.

டிவி மேடைக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 'தி பிகஸ்ட் லூசர்' என்று ஒரு எடை குறைக்கும் போட்டி நிகழ்ச்சி. 2009ல் அதில் ஜெயித்தவர் 108 கிலோ குறைத்தார். கைதட்டல், கண்ணீர், பரிசு. அந்த சீசனில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்து அரசு ஆய்வாளர் கெவின் ஹால் குழுவினர் கூப்பிட்டு அளந்தார்கள். மேடையில் கைதட்டல் கேட்ட நாட்களில் அவர்கள் ரத்தத்தில் லெப்டின் கிட்டத்தட்ட அடிமட்டத்தைத் தொட்டிருந்தது. சராசரியாக 58 கிலோ குறைத்தவர்கள், அதில் 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். அது மட்டுமா? அந்த எடையுள்ள ஒருவர் சும்மா படுத்திருந்தாலே எரிக்க வேண்டிய கலோரியில், நாளொன்றுக்கு சுமார் 500 குறைவாகவே அவர்கள் உடம்பு எரித்தது. ஆறு வருடமாகியும் எஜமானி விளக்கைப் போடவில்லை!

அதே கெவின் ஹால் செய்த இன்னொரு தந்திரம் கேளுங்கள். பசி எவ்வளவு ஏறுகிறது என்று எண்ணால் அளப்பது எப்படி? டயட்டில் இருப்பவரைக் கேட்டால் மனசும் சேர்ந்து பதில் சொல்லும். சர்க்கரை நோய்க்கு கனாக்ளிஃப்ளோசின் என்று ஒரு மாத்திரை உண்டு. தினமும் சுமார் 90 கிராம் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். அத்தனை கலோரி போவது சாப்பிடுகிறவருக்கே தெரியாது. டயட் இல்லை, உறுதிமொழி இல்லை. எடை தானாகக் கொஞ்சம் குறையும். அப்போது அவர்கள் அறியாமலே எவ்வளவு கூடுதலாகச் சாப்பிட்டார்கள் என்று கணக்குப் போட்டார். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு சுமார் 100 கலோரி பசி கூடியது. என் 7 கிலோவை 100 ஆல் பெருக்கிப் பாருங்கள். 700 கலோரி! தினமும்! தயிர்சாதம் மட்டுமா, அதற்கு மேல் இரண்டு வாழைப்பழமும் தாங்கும்.

அந்த 11 மணி விழிப்புக்கும் ஒரு பங்கு உண்டு. 2004ல் சிகாகோவில் 12 இளைஞர்களை இரண்டு ராத்திரி நாலு நாலு மணி நேரமே தூங்கவிட்டுப் பார்த்தார்கள். லெப்டின் 18 சதவீதம் குறைந்தது, கிரெலின் 28 சதவீதம் ஏறியது. சீரியல் பார்த்துவிட்டுத் தாமதமாகப் படுக்கிறவர்கள் கவனிக்க. நான் கவனிப்பதாக இல்லை.

இனி பல்லி. அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனத்தில் ஹீலா மான்ஸ்டர் என்று ஒரு விஷப்பல்லி. வருடத்துக்கு விரல்விட்டு எண்ணுகிற அளவு தடவைதான் சாப்பிடும், பாக்கியவான். நம் குடலில் சுரக்கிற ஜி.எல்.பி.1 ரத்தத்தில் இரண்டு நிமிடம்கூட முழுசாகத் தாக்குப்பிடிக்காது, உடம்பே உடனே நறுக்கிப் போட்டுவிடும். இந்தப் பல்லியின் நச்சில் அதே ஜாடையில் ஒரு பொருள் இருப்பதை 1992ல் ஜான் எங் என்ற டாக்டர் கண்டுபிடித்தார். அது அவ்வளவு சீக்கிரம் சிதையவில்லை. அதிலிருந்து 2005ல் சர்க்கரை நோய்க்கு ஒரு ஊசி வந்தது. நீடித்து நிற்கிற ஜி.எல்.பி.1 மருந்துகளுக்குக் கதவு திறந்தது. இன்று எல்லோர் வாயிலும் அடிபடுகிற செமாக்ளுடைட் அந்தக் குடும்பம்தான். வாரம் ஒரு ஊசி, வாரம் முழுக்க ஒரு ஆள் இலை மேல் கையை மறித்துக்கொண்டே இருப்பார். 68 வார ஆய்வில் சராசரியாக 15 சதவீத எடை குறைந்தது. வாந்தி, குமட்டல் என்று தொல்லைகளும் உண்டு. டாக்டர் பார்த்துத் தர வேண்டிய மருந்து, பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிப் போட்டுக்கொள்கிற விஷயமல்ல. 2025ல் இந்த வகையில் எடைக்கான வெகோவி, மவுன்ஜாரோ ஊசிகள் இந்தியாவிலும் விற்பனைக்கு வந்துவிட்டன.

ஊசியை நிறுத்தினால்? அதையும் பார்த்திருக்கிறார்கள். ஒரே வருடத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. கணக்கப்பிள்ளை வேலையை விட்டுப் போகவே இல்லை, நோட்டுப் புத்தகத்தோடு வாசலிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார்.

வருகிற தையில் இன்னொரு கல்யாணம் இருக்கிறது. மனத்திடம் பற்றிப் பேசிய உறவினரும் வருவார். இந்த முறை ஜாக்கெட்டைப் பிடித்துத் தைக்கப் போவதில்லை. காலை நடையை மட்டும் விடவில்லை, அது எனக்குப் பிடித்திருக்கிறது. அவருக்கும் உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். எடை குறைத்த யாராவது உங்களிடம் வந்து, "முன்னைவிட இப்போதான் எனக்கு ரொம்பப் பசிக்குது" என்று சொன்னால், தயவுசெய்து நம்புங்கள். மெல்போர்னில் அதை ரத்தம் எடுத்தே பார்த்துவிட்டார்கள்.